கோவளத்தில் அலை, மாமல்லபுரத்தில் உளி: ஒரு நாள் வழிகாட்டி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் பலர் உச்சிவெயிலில் கடற்கரையில் இறங்கி, காலை நனைத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கடலோர ஊர்களில் வேலை நடப்பது விடியலில். அந்த நேரத்துக்குப் போனால்தான் ஊர் கண்ணில் படும்.

முதல் வேலை, பொழுது விடியும்போது கோவளத்தில் இருப்பது. நேரே தண்ணீரில் இறங்காமல் படகுகள் கரையேறும் பக்கம் போய் நில்லுங்கள். மீனவர்கள் வலையிலிருந்து மீனைக் கழற்றுவதையும், கிழிந்த வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து, வலை ஊசியால் கண்ணி கண்ணியாக முடிவதையும் பார்க்கலாம். வலையை மிதிக்காதீர்கள். படம் எடுக்குமுன் "அண்ணே, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதன்பின் அவர்களே பேசுவார்கள். இன்று கடல் எப்படி என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வது எந்தச் செயலியையும்விட நல்லது.

அடுத்தது அலைச்சறுக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி மேற்குக் காற்று வீசும். அது அலையின் முகத்தைச் சீராக நிறுத்தி வைக்கும். மதியம் கடல்காற்று திரும்பியதும் தண்ணீர் கலங்கிப்போகும். ஆகவே காலை வகுப்பையே கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கடல் புதியவர்களுக்கு வேண்டாம். இங்கே கற்றுக்கொடுப்பவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்த ஊரில் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவனும் மீனவர்தான். கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய ஊர் என்பதால், எந்த அலையை விட வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டு ஒன்பது அடி நீளமுள்ள, மேல்பக்கம் மெத்தென்ற பலகை வாங்குங்கள். பலகையை உங்களோடு இணைக்கும் கயிறான லீஷைப் பின்னால் வைக்கும் காலில் கட்டுங்கள். மணலில் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கைகளை ஊன்றி, ஒரே வீச்சில் எழுந்து நிற்பதைப் பலமுறை பழகுங்கள். முழங்காலில் நின்று எழும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவது கஷ்டம். இடுப்பளவுத் தண்ணீரில், உடைந்து நுரையாக வரும் அலையே ஆரம்பத்துக்குப் போதும். எழுந்ததும் பலகையைப் பார்க்காமல் கரையைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் உடம்பு போகும். விழும்போது தலைகுப்புறப் பாயாமல் மல்லாந்தோ பக்கவாட்டிலோ விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு மேலே வாருங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. அலை அதை உங்கள் முகத்தில் அடிக்கும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், பலகையைப் பிடித்துக்கொண்டு கையை உயர்த்திக் காட்டுங்கள். நீந்தத்தான் வேண்டுமென்றால் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

வெயில் ஏறியதும் கலைக்கு வரலாம். சென்னை திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தம் மாணவர்களோடும் சக கலைஞர்களோடும் உருவாக்கிய ஊர் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு அவர்கள் வரைந்தார்கள். இந்தப் பக்கம் வருபவர்கள் அதைத் தவறவிடுவது எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒரே நாளில் சோழமண்டலத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடாதீர்கள். இன்று தெற்கே, மாமல்லபுரம்.

அங்கே பல்லவர் சிற்பங்களை வரிசையாகப் பார்த்து முடிக்க நினைக்காமல், முடிவடையாத வேலைகளைத் தேடுங்கள். பாறைகளில் வரிசையாக வெட்டிய ஆப்புக் குழிகள் தெரியும். கல்லை எங்கே பிளக்க நினைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு தெரிந்த அளவுக்கு, அதே கருப்பொருளில் பாதியில் நின்றுபோன இன்னொரு புடைப்புச் சிற்பம் இருப்பது பலருக்குத் தெரியாது. உருவங்கள் பாறையிலிருந்து எப்படி வெளியே வந்தன என்பதை அங்கே படிக்கலாம்.

பிறகு இன்றைய பட்டறைகளுக்குப் போங்கள். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1957 முதல் இங்கே அரசு சிற்பப் பயிற்சியும் நடந்து வருகிறது. பல இடங்களில் மின் கட்டர் ஓடும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கரடான வேலை அதில் முடிந்தாலும், முகமும் விரலும் நகையும் கடைசியில் உளிக்குத்தான் வருகின்றன. சிலையை வாங்குமுன் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி, காதின் பின்புறம், பீடத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். அவசர வேலை அங்கேதான் தெரியும். கடைகளில் கிடைக்கும் சின்ன உருவங்கள் பல மாக்கல்லில் செய்தவை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அடிப்பக்கத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் மாக்கல், கருங்கல்லில் விழாது. மாக்கல்லும் நல்ல கல்தான், விலை மட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். செய்தவரையே கண்டு வாங்க முடிந்தால், எத்தனை நாள் வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு விலை பேசுங்கள். பெரிய சிலை என்றால் எடை, மரப்பெட்டி, லாரி வாடகை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையாக எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.