இறகுப்பந்தில் இரு தமிழ்ப் பெண்கள்

முன்னுரை

நம் முக்கூடலில் கையின் அருமையை அறியாதார் யாருமில்லை. பிற்பகல் வேளையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், தாய்மார்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைக் காணலாம். இலையை வெட்டி, தூளை இட்டு, சுருட்டி, நூல் கட்டும் அந்த விரல்களின் வேகத்தால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இத்தகைய ஊரில் ஒரு பெண் குழந்தை கை வழங்காமல் பிறந்துவிட்டால், பார்க்க வருவோர் வாயில் முதலில் வரும் சொல், "ஐயோ பாவம், இந்தப் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?" என்பதுதான்.

அன்புத் தோழியரே, அந்தக் கேள்விக்கு விடை சொன்ன இருவரைப் பற்றியதே இக்கட்டுரை. ஒருவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன். மற்றவர் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ். இருவரும் இறகுப்பந்து வீராங்கனையர்.

ஆட்டமும் அதன் முன்னோடிகளும்

மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தைக் கொண்டு ஐவர் அணியாக ஆடும் பூப்பந்தை நாம் நன்கு அறிவோம். இறகுப்பந்து அதனின் வேறு. இதில் பந்துக்குப் பதிலாக, தக்கையில் பதினாறு இறகுகள் செருகிய ஐந்து கிராம் அளவுள்ள ஒரு சிறு பொருள் பறக்கிறது. ஆடுகளத்தின் நீளம் 44 அடி. ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 17 அடி. நடுவில் வலையின் உயரம் 5 அடி. 19ஆம் நூற்றாண்டில் புனே நகரில் இருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இதை ஆடி விதிகளை வகுத்தனர். ஆகவே இந்த ஆட்டத்தின் வரலாற்றில் நம் நாட்டு மண்ணுக்கும் பங்கு உண்டு.

நம் நாட்டுப் பெண்களும் இதில் பின்தங்கி இருக்கவில்லை. மீனா ஷா 1959 முதல் 1965 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றார். 1978இல் கனடாவின் எட்மண்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அமி கியாவும் கன்வல் தாக்கர் சிங்கும் இரட்டையர் ஆட்டத்தில் வெண்கலம் பெற்றனர். பின்னர் சாய்னா நேவால் 2012இல் இலண்டனில் ஒலிம்பிக் வெண்கலமும், பி. வி. சிந்து 2016இல் ரியோவில் வெள்ளியும் வென்றனர்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில் கதை வேறு. அங்கே இறகுப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில்தான். இந்தியா அதில் நான்கு பதக்கங்களைப் பெற்றது. நான்கையும் வென்றவர்கள் ஆண்களே. பெண்களின் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

குறையும் பயிற்சியும்

மனிஷாவுக்குப் பிறக்கும்போதே வலக்கையில் பாதிப்பு. பிரசவ வேளையில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள நரம்புகள் இழுபட்டுச் சேதமடைவதால் வரும் குறை இது. அவர் இடக்கையில் மட்டையைப் பிடித்தார். துளசிமதிக்கோ பிறவியிலேயே இடக்கையில் குறை. சிறு வயதில் அவரை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்று பயிற்சி தந்தவர் தந்தை முருகேசன். பின்னாளில் அவர் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் பயின்றுகொண்டே, ஐதராபாத்தில் உள்ள கோபிசந்த் பயிற்சிக் கழகத்திலும் பயிற்சி பெற்றார்.

"மட்டை பிடிக்க ஒரு கை போதுமே, மறு கை எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் பள்ளி மைதானத்தில் ஒரு கையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடிப் பாருங்கள், விடை தெரியும். ஆட்டத்தைத் தொடங்கும்போது ஒரு கை இறகுப்பந்தைப் பிடிக்க, மறு கை அடிக்க வேண்டும். தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கும்போது, வெறுங்கையை உயர்த்தினால்தான் உடல் நிலைகொள்ளும். அந்தக் கை உதவாதபோது, அதன் வேலையையும் கால்களே ஏற்க வேண்டும். ஓர் அடி முன்னதாகவே பந்தின் கீழே போய்ச் சேர வேண்டும். கையில் குறையுள்ளோர் நின்று ஆடும் இப்பிரிவுக்கு எஸ்.யு.5 என்று பெயர். இதில் களத்தின் அளவு குறைக்கப்படுவதில்லை. முழுக் களத்திலும் ஓடியே ஆட வேண்டும்.

2022 நவம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியில் மனிஷா இப்பிரிவின் உலகச் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 17. அவ்வாண்டின் சிறந்த பாரா வீராங்கனை என்ற விருதை உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு அவருக்கே அளித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா போட்டியின் இறுதி ஆட்டத்தில், டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த சீன வீராங்கனை யாங் சியூசியாவை 21-19, 21-19 என்ற கணக்கில் துளசிமதி வீழ்த்தித் தங்கம் பெற்றார்.

பாரிசில் இரண்டு நாட்கள்

2024 செப்டம்பர் 1ஆம் நாள். பாரிஸ் பாராலிம்பிக் அரையிறுதி ஆட்டம். வலையின் ஒரு பக்கம் துளசிமதி, மறு பக்கம் மனிஷா. ஒரே நாடு, ஒரே மாநிலம், ஒரே தாய்மொழி. ஆயினும் இருவரில் ஒருவர்தான் இறுதிக்குச் செல்ல முடியும்.

ஓர் ஆட்டம் 21 புள்ளிகளுக்கு ஆடப்படும். ஆனால் 20-20 என்று சமமாகிவிட்டால், இரண்டு புள்ளி முந்தியவரே வெற்றி பெறுவார். அன்று முதல் ஆட்டம் 23-21 என முடிந்தது. அதாவது 20-20 என்றும், பிறகு 21-21 என்றும் இருவரும் சமமாக நின்றனர். கடைசி வரை ஒருவரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தையும் 21-17 என்று துளசிமதியே வென்றார்.

உலகச் சாம்பியனாக இருந்த மனிஷாவுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும்? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஒரே வகுப்புத் தோழியர் இருவர் இறுதிக்கு வந்தால், தோற்றவள் ஒரு வாரம் பேசாமலே இருப்பதை நாம் கண்டதில்லையா? அந்நியரிடம் தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். கூட ஆடியவளிடம் தோற்பதுதான் உள்ளே அறுக்கும்.

மனிஷாவுக்கு ஒரு வாரம் இல்லை, ஒரே ஒரு நாள்தான் இருந்தது. செப்டம்பர் 2ஆம் நாள் அவர் மீண்டும் களம் இறங்கி, டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரெனை 21-12, 21-8 என்று வென்று வெண்கலம் பெற்றார். அதே நாளில் துளசிமதி இறுதி ஆட்டத்தில் யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி பெற்றார். ஓராண்டுக்கு முன் வென்றவரிடமே இன்று தோல்வி! விளையாட்டு எவரையும் நிரந்தரமாக உயரத்தில் வைப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அன்றே மற்றொரு பிரிவில், வளர்ச்சிக் குறைவால் உயரம் குன்றிய ஓசூர்ப் பெண் நித்ய ஸ்ரீ சிவன், இந்தோனேசியாவின் ரினா மார்லினாவை வென்று வெண்கலம் சேர்த்தார். பாரிசில் இறகுப்பந்தில் இந்தியா பெற்ற ஐந்து பதக்கங்களுள் மூன்று தமிழ்நாட்டுப் பெண்கள் வென்றவை. மூன்றாண்டுகளுக்கு முன் வெறுமையாக இருந்த பக்கம் ஒரே நாளில் நிரம்பியது. மூவருக்கும் 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது, 2025 ஜனவரியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் வழங்கப்பட்டது.

முடிவுரை

தோழியரே, இவர்கள் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, குறையைக் கண்டு இரக்கப்படுவது எளிது. குறையுள்ளவளுக்கு ஒரு மட்டையைக் கொடுத்து "வா, ஆடலாம்" என்று அழைப்பதே நட்பு. நம் வகுப்பில் விளையாட்டு மணி அடித்ததும் மரத்தடியில் புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கும் தோழி ஒருத்தி இருக்கக்கூடும். "நீ இங்கேயே இரு" என்று நாமே அவளை உட்கார வைத்துவிட்டோமா என்று எண்ணிப் பார்ப்போம். இரண்டாவது, தோழியிடம் தோற்றாலும் மறுநாள் காலையில் காலணியைக் கட்டிக்கொண்டு களத்துக்கு வருவது.

பெற்றோருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். மாலையில் பெண் பிள்ளை மைதானத்தில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் சினம் கொள்ளாதீர்கள். காஞ்சிபுரத்தில் ஒரு தந்தை தம் மகளை ஆடுகளத்துக்கு அழைத்துச் சென்ற மாலைகளில் விதைத்ததையே அவள் பாரிசில் அறுவடை செய்தாள்.