மூன்று கதவுகள்

மூடிய கதவுகள் மூன்று. ஒன்றன் பின்னே மகிழுந்து. ஏனைய இரண்டின் பின்னே ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தெரிவு செய்கிறீர்கள். எதன் பின்னே எது உள்ளது என்பதை அறிந்த நிகழ்ச்சி நெறியாளர், எஞ்சிய இரண்டனுள் ஆடு நிற்கும் கதவொன்றைத் திறந்து காட்டுகிறார். இது இவ்வாட்டத்தின் மாறா விதி. பின்னர், “உங்கள் தெரிவை மாற்றிக்கொள்கிறீர்களா?” என வினவுகிறார். மாற்றுவது நன்றா?

1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் ‘பரேடு’ இதழில் மேரிலின் வாஸ் சவாண்ட் இப்புதிருக்கு விடையளித்தார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார். மடல்கள் ஏறத்தாழ 10,000 வந்து குவிந்தன; பெரும்பாலானவை மறுப்பு மடல்கள். முனைவர் பட்டம் பெற்றோர் எழுதியவை மட்டும் 1,000ஐ நெருங்கின. எஞ்சியவை இரண்டு கதவுகள். ஆதலின் வாய்ப்புச் சரிபாதியே என்பது அவர்தம் வாதம். வாதத்தோடு ஏளனமும் கலந்திருந்தது.

மேரிலின் தம் விடையில் உறுதியாக நின்றார். ஆயினும் தம் சொல்லை நம்புக எனக் கூறவில்லை. பள்ளி வகுப்புகளில் ஆடிப் பார்க்குமாறு வேண்டினார். காகிதக் கிண்ணங்கள் மூன்றும் நாணயம் ஒன்றும் இருந்தால் நீங்களும் ஆடலாம். பலமுறை ஆடிக் குறித்துக்கொண்டால் அவர் விடையே மெய்ப்படும். மறுத்தோர் சிலர் பின்னர் வருத்தம் தெரிவித்தும் எழுதினர்.

காரணம் எளிது. முதல் தெரிவு சரியாக அமையும் வாய்ப்பு மூன்றில் ஒன்றே. அது தவறும்போதெல்லாம் மாற்றுபவர் வெல்கிறார். கதவுகள் 100 எனக் கொள்க. நீங்கள் ஒன்றைத் தெரிவு செய்தபின், நெறியாளர் ஆடுகள் நிற்கும் 98 கதவுகளைத் திறந்து, ஒன்றை மட்டும் விட்டுவைத்தால், மாற்றாமல் இருப்பீர்களா?

கணித மேதை பால் ஏர்டோஷும் முதலில் இவ்விடையை ஏற்கவில்லை. நண்பர் ஆண்ட்ரூ வாசோனி காகிதத்தில் கிளைப்படம் வரைந்து விளக்கியும் பயனில்லை. கணினியில் இவ்வாட்டத்தைப் பன்முறை நடத்திக் காட்டிய பின்னரே உடன்பட்டார். ஆனால், அவர் மனம் நிறைவுறவில்லை. விடை சரி என்பது விளங்கிற்று. ஏன் சரி என்பது விளங்கவில்லை. விடையோடு அமையாத அந்நெஞ்சமே கணிதநெஞ்சம் எனலாம். மற்றொரு கணித அறிஞரான ரான் கிரகாமின் விளக்கம் கிடைத்த பின்னரே அவருக்குத் தெளிவு பிறந்தது.

மறுத்து எழுதியோர் அறிவிலார் அல்லர். நெறியாளரும் ஏதுமறியாது ஒரு கதவைத் திறக்க, அங்கே தற்செயலாக ஆடு நின்றிருப்பின், அவர்கள் கூறிய சரிபாதியே விடையாகும்.