முதல் வகுப்பில் நால்வகைத் தானம்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குச் சென்று வந்தவர்கள், பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே பொறிக்கப்பட்டுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளைக் கண்டிருப்பர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவற்றில் ஆசிரியர் பெயரை அடுத்து அவர்தம் மாணாக்கர் பெயர் வருகின்றது. அவற்றினும் பழமையான மாங்குளம் கல்வெட்டு, துறவியர் உறைவிடத்தைப் பள்ளி என்றே குறிக்கின்றது. கல்விக்கூடம் அப்பெயர் பெற்றதும் இவ்வழியே என அறிஞர் கூறுவர். ஆகவே பள்ளி என்பது எழுத்தறியும் இடம் மட்டுமன்று; பலர் கூடி வாழப் பழகும் இடமுமாகும்.

தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வடமாவட்டங்களில் மிகுதி, மதுரையில் சிலவே. முதல் வகுப்பில் சேரும் நம் குழந்தை, அவ்வகுப்பின் ஒரே சமணக் குழந்தையாக இருத்தல் கூடும். ஒழுக்கம் கெடுமோ என்றஞ்சி அதனைப் பிறரிடமிருந்து ஒதுக்கி வைப்பதா? அன்றி, ஒழுக்கத்தோடு உறவாடக் கற்பிப்பதா? நாம் போற்றும் நால்வகைத் தானங்களே இதற்கு வழி காட்டுகின்றன.

அபய தானம். புதிய குழந்தை அழுவது, தன்னை அறிந்தவர் அங்கு எவருமில்லை என்னும் அச்சத்தினாலேயே. “குறும்பு செய்தால் ஆசிரியர் அடிப்பார்” என்று வீட்டில் மிரட்டுதல் அவ்வச்சத்தை வளர்க்கும். மாலையில், “இன்று என்ன எழுதினாய்?” என்று வினவுமுன், “இன்று யார் பெயரை அறிந்தாய்?” என்று வினவுவோம். பெயர் அறிந்தபின் அயலார் தோழராவர். தனித்து நிற்கும் பிள்ளையின் கைபற்றி அழைத்து வரவும் குழந்தைக்குச் சொல்வோம்.

ஆகார தானம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் நடைபெற்று, 2023இல் மாநிலமெங்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகளிடையே வேற்றுமை குறைகின்றது.

மதிய உணவில் முட்டை உண்டு. அதனை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. இதனை முன்னரே ஆசிரியரிடம் கூறிவிடுதல் பெற்றோர் கடமை. “நான் உண்பதில்லை” என்று பணிவோடு கூறக் குழந்தைக்குப் பயிற்றுவோம். ஆனால், தோழனின் உணவைக் கண்டு முகம் சுளிக்கவோ, இழித்துரைக்கவோ ஒருபோதும் கற்பிக்கலாகாது. பிறர் மனத்தைப் புண்படுத்துவதும் இம்சையே அன்றோ? விலகி அமராமலே விரதம் காக்க இயலும்.

ஔஷத தானம். விழுந்த தோழனைத் தூக்கிவிடுதலும் ஆசிரியரை அழைத்து வருதலும் ஐந்து வயதில் இயலும் மருந்துதவி. பூசலுக்கு மருந்து, பத்து அறங்களுள் முதலாவதாகிய உத்தம க்ஷமை. மன்னிப்பை வற்புறுத்திச் சொல்லவைப்பதால் பயனில்லை. இல்லத்தில் பெரியோர் தம் பிழைக்கு வருந்துவதைக் காணும் குழந்தையே மனமுவந்து மன்னிப்புக் கேட்கும்.

சாத்திர தானம். 2007ஆம் ஆண்டளவில் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பரவியபோது, பிள்ளைகள் பாயில் குழுவாய் அமர்ந்து, அறிந்தவர் அறியாதவர்க்கு உதவிக் கற்றனர். ‘அ’ எழுதக் கற்ற குழந்தை, அதனைத் தோழிக்குக் காட்டுவதும் தானமே. “அவளைவிட நீ முந்து” என்று தூண்டுவதை விடுத்து, “அவளுக்கும் சொல்லிக்கொடுத்தாயா?” என்று கேட்போமாக.

இல்லத்தில் உரையாட:

1. உன் வகுப்பில் எத்தனை பேரின் பெயர் உனக்குத் தெரியும்?
2. இன்று உனக்கு உதவியவர் யார்? நீ உதவியது யாருக்கு?

இவ்வினாக்களுக்கு மகிழ்வுடன் விடை கூறும் குழந்தை தனித்து வாழாது. தன் அறத்தையும் இழவாது.