துடுப்பே காலாக

நடக்கும் மீன் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது பனையேறிதான். தரங்கம்பாடியில் பணியாற்றிய டேனிஷ் படை அதிகாரி டால்டார்ஃப், 1791-இல் குளக்கரைப் பனை ஒன்றில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதினார். மரமேறும் கதை ஐயத்துக்குரியது; பறவை கவ்விச் சென்று நழுவவிட்ட மீனாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஈரத்தரையில் அது நகர்வது உண்மை. அந்நடைக்குப் பெரிதும் உதவுவது துடுப்பன்று. முள் விளிம்புள்ள செவுள் மூடிகளை விரித்து மண்ணில் ஊன்றி, வாலால் உந்திச் செல்கிறது.

துடுப்பையே காலாக்கிக்கொண்ட மீனைக் காணக் கடலோரம் போக வேண்டும். நம் பூலாம்பட்டியைத் தொட்டோடும் காவிரி, கொள்ளிடமாகிக் கடல் சேரும் இடத்துக்கு வடக்கே பிச்சாவரம் சுரபுன்னைக் காடு இருக்கிறது. நீர் வடிந்ததும் அங்கே சேற்றின்மேல் விரல் நீள மீன்கள் திரியும். உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றைச் சேற்றுத்துள்ளி எனலாம். இவற்றின் மார்புத் துடுப்பு, அடியில் சதைப்பற்றுடன் சிறு கையைப் போலவே இருக்கும். மடங்குவதற்கு இரண்டு மூட்டுகளும் உண்டு. இடுப்புத் துடுப்புகள் உடலைத் தாங்க, மார்புத் துடுப்புகள் இரண்டையும் ஒருசேர முன்னே வீசி ஊன்றி உடலை உந்தும். இரு கக்கத்திலும் ஊன்றுகோல் வைத்து நடப்பவரை எண்ணிக்கொண்டால் போதும். ஆபத்தென்றால் நடை கிடையாது. வாலை வீசி ஒரே தாவல்!

ஈரத் தோலும் தொண்டையின் உட்புறமும் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்கின்றன. கண்களை அடிக்கடி குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். ஃபார்மலின் புட்டியில் கிடக்கும் மாதிரியில் இவை எதையும் காண இயலாது. பரங்கிப்பேட்டைக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் விலங்கியல் மாணவர்கள் நீர் வடியும் நேரத்தைக் கேட்டறிந்து போவது நலம்.

சேற்றுத்துள்ளி நீந்தவும் வல்லது. கடலடியில் நடந்தே வாழும் மீன்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாக் கடலில் வாழும் கைமீன்களுக்குக் காற்றுப்பை இல்லை. கை போன்ற துடுப்புகளால் தரையில் ஊர்ந்து திரிகின்றன. நடை அவற்றுக்கு ஒரு தளையாகவும் ஆகிவிட்டது. பல கடல் மீன்களின் இளங்குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவிடங்களை அடையும். கைமீன் குஞ்சோ முழு உருவத்துடன் பொரிந்து, தாய் வாழ்ந்த தரையிலேயே தங்கிவிடுகிறது. அத்தரை கெட்டால் வேறு போக்கிடம் இல்லை. சிவப்புக் கைமீன் இன்று ஹோபார்ட் நகருக்கு அருகே இரண்டு சிறு திட்டுகளில், ஏறத்தாழ நூறு மட்டுமே எஞ்சியிருக்கிறது. 2023-24 கோடையில் கடல் நீர் சூடேறியபோது ஆய்வாளர்கள் 25 மீன்களைக் கையால் எடுத்துத் தொட்டியில் வைத்துக் காத்தனர். நீர் குளிர்ந்த பின் 18 மீன்கள் பழைய இடத்திலேயே விடப்பட்டன.