வௌவாலையும் கேளுங்கள்

கேள்வி: கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவன் நான். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் 'ஒன் ஹெல்த்' முதுகலைப் படிப்பில் சேரலாமா? மருத்துவர்கள் நடுவே எனக்கு மதிப்பிருக்குமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: தாராளமாகச் சேருங்கள். அவ்வகுப்பில் முதலில் திகைக்கப் போகிறவர், ஆயுள் முழுதும் ஒரே ஜாதிப் பிராணியைப் பார்த்துப் பழகிய மனித வைத்தியரேயன்றித் தாங்கள் அல்ல. ஓர் உதாரணம்: 1998இல் மலேசியாவில் பன்றிப் பண்ணையாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று நிச்சயித்து, மருந்து தெளிப்பதிலும் தடுப்பூசி போடுவதிலும் மாதங்கள் கழிந்தன. பண்ணையோரத்துப் பழமரங்களை நாடி வந்த வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து அவற்றோடு நெருங்கிப் பழகிய மனிதர்களுக்கும் நோய் தாவியது என்பதோ, 'நிபா' என்னும் புதிய வைரஸ் 1999இல் கண்டறியப்பட்ட பிறகே புலனாயிற்று. அங்கே மாண்டவர் 105 பேர். கொல்லப்பட்ட பன்றிகள் பத்து லட்சத்துக்கும் அதிகம். மரத்தையும் கொட்டிலையும் ஆஸ்பத்திரிப் படுக்கையையும் ஏககாலத்தில் நோக்கும் அப்பியாசமே இப்படிப்பின் சாரம்.

லண்டனில் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பொதுச் சுகாதாரத்துக்கும் வெப்பமண்டல மருத்துவத்துக்குமான கல்லூரியும் கூடி இத்தகைய முதுகலைப் படிப்பொன்றை நடத்துகின்றன. எங்கே சேர்ந்தாலும், கொள்ளைநோயியலும் சொந்தமாகச் செய்யும் ஆய்வும் பாடத்திட்டத்தில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையேல் அப்பட்டம் வெறும் அலங்காரம். புள்ளியியலை மட்டும் இப்போதே தூசி தட்டி வையுங்கள். மாட்டைச் சமாளித்தவரையும் மிரட்டக்கூடியது அது.