விறகு வெட்டும் வீட்டுக்கு ஒரு வெயில் பாடம்

(அறிவியல் பகுதி – தொகுப்பு: 9-ஆம் வகுப்பு அறிவியல் மன்ற மாணவர்கள்)



மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி வெயில் ஆரம்பித்துவிடும். நமக்குப் பரீட்சை முடிந்து லீவு. ஆனால் நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் பல வீடுகளில் அப்போதுதான் கோடாலிக்கு வேலை அதிகம். கண்மாய் வற்றிக் கிடக்கும். வயலில் வேலை இருக்காது. வேலிக்கருவையை வெட்டிப் பிளந்து விறகாக விற்றால்தான், அல்லது மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஜூன் மாதம் நமக்கு நோட்டும் பையும் வாங்குகிற காசும் பல வீடுகளில் அதிலிருந்துதான் வருகிறது. அதனால் "வெயிலில் வேலைக்குப் போகாதீங்க" என்று எழுதினால் இங்கே யாருக்கும் பயன் இல்லை. போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வருவது எப்படி என்பதே இந்தப் பாடம்.

உங்களுக்குத் தெரியுமா?
வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம் நம் ஊர் மரமே இல்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1870-களில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு விறகுத் தேவைக்காக அதன் விதை வரவழைக்கப்பட்டது. இன்று அது இல்லாத கண்மாய்க் கரையே இல்லை!

1. சூடு எங்கிருந்து வருகிறது?

"வெயில் சுடுது" என்கிறோம். அது பாதிதான் உண்மை. விறகு பிளப்பவருக்கு இரண்டு அடுப்பு. ஒன்று மேலே இருக்கிற சூரியன். இன்னொன்று அவருடைய தசைகள். நாம் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கோடாலியைத் தூக்கி இறக்கும் வேலையாக மாறுகிறது. மீதி நான்கு பங்கும் உடம்புக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

60 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறகு பிளக்க 400 கிலோகலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 320 கிலோகலோரி வெப்பம். அவர் உடம்பு முழுவதும் 1 டிகிரி செல்சியஸ் சூடேறச் சுமார் 50 கிலோகலோரி போதும். அப்படியானால் 320-ஐ 50-ஆல் வகுத்தால் 6.4 டிகிரி. வெப்பம் வெளியே போகவே வழி இல்லை என்றால், 37 டிகிரி உள்ள உடம்பு ஒரே மணி நேரத்தில் 43 டிகிரியைத் தாண்டிவிடும்! 40 டிகிரியைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. அப்படி ஆகாமல் தினமும் நம் அப்பா அம்மாவைக் காப்பாற்றுவது எது? வேர்வைதான்.

2. வேர்வை எப்படிக் குளிர வைக்கிறது?

காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைத் (சுமார் 35 டிகிரி) தாண்டிவிட்டால் காற்றும் நம்மைச் சூடாக்கத் தொடங்கிவிடும். பிறகு வெப்பம் வெளியேற மிச்சம் இருக்கும் பெரிய வழி ஒன்றுதான். அது வேர்வை ஆவியாவது. 1 லிட்டர் வேர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேலே உள்ள கணக்குப்படி 320 கிலோகலோரியை வெளியேற்ற அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான வேர்வை போதும். இதில் வெயிலின் சூட்டை நாம் சேர்க்கவே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆவியாகிற வேர்வைதான் குளிர வைக்கும். சொட்டுச் சொட்டாக மண்ணில் விழும் வேர்வை வீண். நம்முடையது கடலோர மாவட்டம், காற்றில் ஈரம் அதிகம். காற்று நின்று புழுக்கமாக இருக்கும் நாளில் வேர்வை காயாது, வழிந்து ஓடும். உடம்பில் உள்ள நீர் போகும், சூடு மட்டும் போகாது. அதனால்தான் வெயில் குறைவான புழுக்க நாள்கூட, சுள்ளென்று காய்கிற நாளைவிட மோசமாக இருப்பதுண்டு.

செய்து பார்ப்போம்: ஒரே மாதிரி மூன்று பாட்டில்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். இரண்டாவதைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். மூன்றாவதற்கும் ஈரத்துணி கட்டி, அதற்கு மேல் பாலிதீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மூன்றையும் காற்று வரும் நிழலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இரண்டாவது குளிர்ந்திருக்கும். மூன்றாவது அந்த அளவுக்குக் குளிராது. இரண்டாவது பாட்டில் காற்றோட்டமான பருத்திச் சட்டை போட்டவர். மூன்றாவது பாட்டில் புழுக்க நாளில் வேலை செய்கிறவர். நம்ம வீட்டு மண்பானையும் இரண்டாவது பாட்டிலும் ஒரே கட்சி!

3. முதல் வாரம்தான் பெரிய கண்டம்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

"பழகின உடம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்று ஊரில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் வேலை செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பு மாறிக்கொள்ளும். வேர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், நெஞ்சு படபடப்பும் குறையும். ஆனால் இந்தப் பழக்கம் நிரந்தரம் இல்லை. ஒரு வாரம் வேலையை விட்டாலே குறைய ஆரம்பிக்கும். ஒரு மாதம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

அப்படியானால் ஆபத்து யாருக்கு? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு லீவுக்கு வந்த அண்ணனுக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு "நானும் ஒரு கை பாக்குறேன்" என்று முதல் தடவை கோடாலி தூக்குகிறவருக்கு. காய்ச்சலில் படுத்து எழுந்த அப்பாவுக்கு. இவர்கள்தான் முதல் நாளே மற்றவர்களுக்குச் சமமாக வெட்டிக் காட்ட வேண்டும் என்று நினைப்பார்கள். முதல் சில நாட்களில்தான் வெயில் ஆளைச் சாய்க்கிறது.

அதற்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது.

புதியவர்: முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டி, ஐந்தாம் நாள் முழு வேலை.

பழகியிருந்து இடையில் விட்டவர்: முதல் நாள் பாதி வேலை. இரண்டாம் நாள் 60 சதவீதம். மூன்றாம் நாள் 80 சதவீதம். நான்காம் நாள் முழு வேலை.

"கூலி டன் கணக்குல. உட்கார்ந்தா காசு போச்சே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் நான்கு நாள் குறைகிற காசையும், மயங்கி விழுந்தால் பத்து நாள் போகிற கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. ஒரு நாளைப் பிரிப்போம்

விறகு வேலையில் ஒரு வசதி உண்டு. வெட்டுவதற்குக் காட்டுக்குப் போக வேண்டும், பிளப்பதை வீட்டு நிழலிலேயே செய்யலாம். இதை வைத்து வேலையைப் பங்கு போடலாம்.

காலை 6 முதல் 10 வரை: மரத்தை வெட்டுவது, முள் கழிப்பது, துண்டு போடுவது.
காலை 10 முதல் 12 வரை: இலேசான வேலை மட்டும். கட்டுப் போடுவது, கோடாலிக்குச் சாணை பிடிப்பது.
பகல் 12 முதல் 3 வரை: சாப்பாடு, தூக்கம். கோடாலி நிழலில் இருக்கட்டும். வெயிலில் கிடந்த இரும்பு கையைச் சுட்டுவிடும்.
மாலை 4-க்கு மேல்: வேப்பமரத்தடியில் வைத்துப் பிளப்பது.

இடையில் 20 நிமிடம் வெட்டினால் 10 நிமிடம் நிழலில் உட்கார வேண்டும். கருவைக் காட்டில் நிழல் ஏது என்கிறீர்களா? பழைய சேலை ஒன்றை நாலு கம்பில் கட்டினால் போதும், பந்தல் ரெடி.

வேலையைக் குறைத்தாலே சூடும் குறையும். அதற்குப் பெரியவர்கள் சொன்ன சில வழிகள்:

* மொட்டைக் கோடாலி ஆளைக் கொல்லும். கூர்மையாக இருந்தால் பாதி வீச்சுப் போதும்.
* பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடுங்கள். கருவை காய்ந்துவிட்டால் இரும்பு மாதிரி. பிளந்த விறகு சீக்கிரம் காயவும் செய்யும்.
* துண்டின் தலையில் கீறல் விட்டிருக்கும். அந்தக் கீறலிலேயே ஆப்பு வைத்து அடியுங்கள். முடிச்சு உள்ள இடத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.
* பருமனான துண்டை நடுவில் அடிக்காமல் ஓரத்திலிருந்து சிறு சிறு பட்டையாக உரிக்கலாம்.
* வேர்த்த கையில் காம்பு வழுக்கும். அடிக்கடி துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.
* சட்டையைக் கழற்ற வேண்டாம். தொளதொளப்பான முழுக்கைப் பருத்திச் சட்டை வெயிலையும் தடுக்கும், முள்ளையும் தடுக்கும். தலையில் நனைத்த துண்டு.

5. தண்ணீர்: எப்போது, எவ்வளவு?

தாகம் எடுப்பதற்கு முன்பே உடம்பில் நீர் குறைந்திருக்கும். அதனால் தாகத்தை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். 15 – 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர். ஒரே மூச்சில் குடத்தைக் கவிழ்ப்பதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வேர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு குறைந்துவிடும்.

அந்த உப்புக்கு நம்ம வீட்டிலேயே மருந்து உண்டு. உப்புப் போட்ட நீராகாரம், மோர், கம்மங்கூழ். இன்னும் நன்றாக வேண்டுமானால் இப்படிச் செய்யலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

"வேர்வையோட தண்ணி குடிக்கக் கூடாது" என்பது தப்பான நம்பிக்கை. வேர்க்கும்போதுதான் தண்ணீர் வேண்டும். உடம்பு வலிக்குச் சாராயம் என்பது அதைவிட ஆபத்து. அது உடம்பில் இருக்கிற நீரையும் வெளியேற்றிவிடும்.

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். காட்டில் ஒதுங்க இடம் இல்லை என்பதற்காகவே நம் அம்மாக்களும் அக்காக்களும் காலையிலிருந்து தண்ணீரைத் தொடுவதில்லை. இதனால் நீர்க்கடுப்பு வரும், சிறுநீரகத்தில் கல் வரும். கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024-ல் வெளியான ஒரு ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரியவந்தது. சேலைப் பந்தல் கட்டும்போது பக்கத்திலேயே ஒரு மறைப்பும் கட்டினால் என்ன? இரண்டு சேலை, எட்டுக் கம்பு. அவ்வளவுதானே செலவு!

6. உடம்பு அடிக்கும் மூன்று மணி

முதல் மணி: கெண்டைக்காலில், வயிற்றில் தசைப்பிடிப்பு. வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்து உப்பு மோர் குடிக்க வேண்டும்.

இரண்டாம் மணி: தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. அன்றைக்கு வேலை முடிந்தது. படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, உடம்பை நனைத்து விசிற வேண்டும்.

மூன்றாம் மணி: பேச்சு குழறுவது, சம்பந்தம் இல்லாமல் பேசுவது, தள்ளாடுவது, மயக்கம், வலிப்பு, உடம்பு அனலாகக் கொதிப்பது. இது உயிர் போகிற நிலை. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, உடையைத் தளர்த்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கவனம்: "வேர்க்குதே, அப்ப ஒண்ணும் இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். கடும் வேலை செய்தவர்களுக்கு மூன்றாம் மணியிலும் வேர்வை இருக்கலாம்.

தமிழ்நாடு அரசு வெப்ப அலையை 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் ஒரு பேரிடர்தான். சத்தம் போடாமல் வருவதால்தான் நாம் அதை அப்படி நினைப்பதில்லை.

7. இதில் நம்ம வேலை என்ன?

நம் வயதில் கோடாலி எடுக்க வேண்டாம். ஆனால் கூடப் போகிறவர்களுக்குப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மூன்றாம் மணி அடிக்கும்போது தனக்கு என்ன ஆகிறது என்பது அவருக்கே தெரியாது. மூளையும் சூடாகிவிட்டதால் "எனக்கு ஒண்ணும் இல்லை, போ" என்றுதான் சொல்வார். பக்கத்தில் இருக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால்:

* தனியாக யாரையும் வெட்ட விடாதீர்கள். இரண்டு பேராவது போகட்டும்.
* பந்தல் நிழலில் இருந்துகொண்டு, கடிகாரம் பார்த்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை "அப்பா, தண்ணி!" என்று கூப்பிடுங்கள். கோடாலி வீசும்போது கிட்டே போகாதீர்கள்.
* தண்ணீர் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். "இன்னைக்கு என்ன கிழமை?" பதில் குழறினால் கோடாலியை வாங்கி வையுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

நினைவில் இருக்கிறதா? விடை எழுதுங்கள்!

1. மண்ணில் சொட்டும் வேர்வை ஏன் உடம்பைக் குளிர வைக்காது?
2. இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வரும் மாமா, முதல் நாள் எவ்வளவு வேலை செய்யலாம்?
3. மயங்கியவருக்குச் செய்யக் கூடாத ஒன்று எது?
4. உங்கள் வீட்டில் இதைப் படித்துக் காட்டியபோது பெரியவர்கள் என்ன சொன்னார்கள்?

விடைகளை அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். நாலாவது கேள்விக்கு வந்த பதில்களை அடுத்த இதழில் அப்படியே எழுதி ஒட்டுவோம்.