கேடோ ஏரியும் ஒரு சிறு இலையும்



நாம் வாழும் பேர்லேண்ட் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 250 மைல் தொலைவில், டெக்சாசும் லூசியானாவும் கூடும் எல்லையில் கேடோ ஏரி பரந்து கிடக்கின்றது. அப்பகுதியின் தொல்குடியினரான கேடோ மக்களின் பெயரையே அது தாங்கியுள்ளது. கரையில் நிற்க வேண்டிய மரங்கள் அங்கே நீருக்குள்ளேயே நிற்கின்றன. அவையே சைப்ரஸ் மரங்கள். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தவையாயினும், இலையுதிர் காலத்தில் செந்நிறம் கொண்டு இலைகளை உதிர்த்துவிடும் இயல்புடையவை.

இவ்வேரியில் 70-க்கும் மேற்பட்ட மீனினங்கள் வாழ்கின்றன. பருத்த அடிமரங்களின் நிழலில் பாஸ் மீன் பதுங்கி நின்று, அருகே வரும் சிறு மீன்களைக் கவ்வும். ஆகவே தூண்டிலை மரத்தை ஒட்டி, ஓசையின்றி இடுதல் வேண்டும். கெளுத்தியோ அடிநீரில் இரை தேடும். அதற்குத் தூண்டில் முள் ஆழத்தில் இறங்க வேண்டும். டெக்சாசில் 17 வயது நிரம்பாதவர்க்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை. மாநிலப் பூங்காவிற்குள் கரையிலிருந்து தூண்டிலிடும் பெரியோர்க்கும் அது வேண்டுவதில்லை.

இத்தகைய ஏரிக்கு 2006-ஆம் ஆண்டில் ஒரு கேடு வந்து சேர்ந்தது. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்ட ராட்சத சால்வீனியா என்னும் மிதக்கும் செடி அங்கே காணப்பட்டது. விதையின்றியே, ஒடிந்த சிறு துண்டிலிருந்தும் அது தழைக்கும். தக்க வெப்பம் இருப்பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் இருமடங்காகும். நீர்ப்பரப்பை அது மூடினால் கதிரொளி உள்ளே செல்லாது, உயிர்வளி குறையும், மீன்கள் மடியும்.

இச்செடி நம் முன்னோர்க்குப் புதிதன்று. 1939-இல் கொழும்பிற்கு வந்து இலங்கை நீர்நிலைகளில் பரவியது. கேரளத்தின் வயல்களையும் வாய்க்கால்களையும் மூடி, 'ஆப்பிரிக்கப் பாயல்' என்று பெயர் பெற்றது. அங்கே 1980-களில் இச்செடியை மட்டுமே தின்னும் ஒரு சிறு கூன்வண்டை விட்டு அதனை அடக்கினர். அவ்வண்டே இன்று கேடோ ஏரியிலும் விடப்படுகின்றது. ஆயின் கடுங்குளிரில் வண்டுகள் பெருமளவில் இறந்துபடுவதால், அவற்றைப் பசுமைக்குடிலில் வளர்த்து மீண்டும் மீண்டும் விட வேண்டியுள்ளது.

வண்டின் உழைப்பு வீணாகாதிருக்க நாம் செய்யத்தக்கது யாது? ஏரியை விட்டு நீங்குமுன் படகு, அதனை இழுத்துச் செல்லும் வண்டி, தூண்டில் ஆகியவற்றில் ஒட்டிய செடிகளைக் களைந்து, படகிலுள்ள நீரை வடித்து, உலர்த்துதல் வேண்டும். நீர் வடித்தல் டெக்சாசில் சட்டமும் ஆகும்.

மீனின்றி வீடு திரும்புதல் குற்றமன்று. ஓர் இலையை ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த ஏரிக்குச் செல்லுதலே குற்றம். இதனை நம் இளைஞர் நெஞ்சில் நிறுத்துவாராக!

வினாக்கள்
1. பாஸ் மீன் மரத்தடியில் பதுங்குவது ஏன்?
2. சால்வீனியா படர்ந்தால் மீன்கள் மடிவது எவ்வாறு?
3. கேரளத்தில் வென்ற வழி கேடோ ஏரியில் கடினமாவது ஏன்?